மூன்று கம்பிகளுக்காக ஒரு வானொலியைக் கொல்வதா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அறிவுரை இப்போது எங்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. "காரோடு வந்த செற் பழசாகிவிட்டது, அதில் கைத்தொலைபேசியைக் கொழுவ வழியில்லை, கழற்றி எறிந்துவிட்டுத் தொடுதிரை ஒன்றைப் பூட்டுங்கள்" என்பதே அந்த அறிவுரை. சொல்பவர் பெரும்பாலும் தொடுதிரை விற்பவராக இருப்பார். கேட்பவரோ, இருபது வருடங்களாகப் பழுதின்றிப் பாடிக்கொண்டிருந்த பெட்டி ஒரே நாளில் எப்படிச் செத்துப்போனது என்று யோசிப்பதேயில்லை.

அந்தப் பெட்டி சாகவில்லை. அதன் அம்ப்ளிபயர் வேலை செய்கின்றது. கதவுகளில் உள்ள ஒலிபெருக்கிகள் வேலை செய்கின்றன. அதற்கு இல்லாதது, வெளியிலிருந்து ஒலி உள்ளே வருவதற்கான ஒரு வாசல் மாத்திரமே. துணை உள்ளீடு என்று தமிழில் சொல்லலாம். கடைத்தெருவில் 'ஒக்ஸ்' என்றால்தான் விளங்கும். மூன்றரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை, அதன் பின்னால் மூன்று கம்பிகள். இடது பக்க ஒலிக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. விடயம் இவ்வளவுதான்.

இந்த வாசலை வைக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. றேடியோ சிலோனைக் கேட்ட தலைமுறையினர் தங்கள் வீட்டு வால்வு வானொலியின் பின்பக்கத்தை நினைத்துப் பார்க்கட்டும். அவற்றுட் பலவற்றில் கிராமபோனைக் கொழுவுவதற்கென இரண்டு துளைகள் இருந்தன. எந்தக் கம்பனியின் கிராமபோன் என்று அந்தத் துளைகள் கேட்டதில்லை. 1950களில் வீட்டு வானொலிக்கு இருந்த இந்தச் சாதாரண மரியாதை 1990களின் கார் வானொலிக்கு இல்லாமற்போனது ஏன்?

இன்னொரு செய்தியைச் சொன்னால் இந்தக் கேள்வி மேலும் கூர்மையாகும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த பல தொழிற்சாலை வானொலிகளில் வெளி ஒலிக்கான வாசல் இருக்கவே செய்தது, அது பூட்டப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் இறுவட்டு மாற்றிக்கான இணைப்பு ஒன்று இருக்கும். ஆறு இறுவட்டுகளை ஏற்றிக் காரின் பின்பெட்டியில் வைக்கும் அந்தச் சாதனத்திலிருந்து வரும் ஒலி, நாம் பேசும் அதே மூன்று கம்பிகளின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. ஆனால் அதனுடன் ஒரு தரவுக் கம்பியும் சேர்த்து வைத்தார்கள். "மாற்றி இருக்கின்றதா?" என்று வானொலி அதனூடாகக் கேட்கும். தன் கம்பனியின் மொழியில் பதில் வந்தாற்றான் ஒலிக்குக் கதவு திறக்கும். டொயோட்டாவில் இந்த மொழிக்கு ஏவிசி-லான் என்று பெயர். மற்றைய கம்பனிகளுக்கும் இவ்வாறே தனித்தனி மொழிகள் இருந்தன. காரின் நெஞ்சுப் பலகையில் வானொலி அமரும் குழியின் அளவுக்கு 180 மில்லிமீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் உயரம் என்று உலகத் தரம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, ஒலி நுழையும் துளைக்கு ஒரு பொதுத் தரத்தை ஏற்படுத்தத் தெரியவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை.

2001 ஒக்டோபரில் ஐபொட் வந்தது. 2004 இல் பீஎம்டபிள்யூ நிறுவனம் தனது கார்களில் அதனை இணைக்கும் வசதியைப் பெருமையுடன் அறிமுகப்படுத்தியது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில்தான் சாதாரணத் துளை பரவலாகக் கார்களுக்குள் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் விற்கப்பட்ட கோடிக்கணக்கான கார்களின் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்ததுதான் நான் மேலே சொன்ன இலவச அறிவுரை.

இலங்கையில் இந்தக் கதை இன்னும் மோசம். இங்கு ஓடும் கார்களில் பெருந்தொகையானவை ஜப்பானில் பாவிக்கப்பட்டு இறக்குமதியானவை. அவற்றின் வானொலி ஜப்பானியப் பண்பலைக்கென, அதாவது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை, செய்யப்பட்டது. நமது நிலையங்களோ 108 வரை பரந்திருக்கின்றன. இதற்கு மருந்தாக அலைவரிசை விரிவாக்கி என்ற சிறு பெட்டியை வானலைக் கம்பியில் பூட்டுகிறார்கள். 20 மெகாஹேர்ட்ஸைக் கழிக்கும் பெட்டியாயின் 103 இல் ஒலிக்கும் நிலையம் 83 இல் கேட்கும். ஆனால் 14 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஜன்னலினூடாக 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள வானத்தை முழுதாகப் பார்க்க முடியாது. ஏதோ ஒரு பக்கம் மறைந்தே தீரும். போதாக்குறைக்கு, எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. எவரும் வாங்காத மினிடிஸ்க்குக்கு ஒரு வாய் வேறு.

இதற்கெல்லாம் எளிய பரிகாரம் என்று விற்கப்படும் இன்னொரு பொருள், சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் பண்பலைப் பரப்பி. கைத்தொலைபேசியின் ஒலியை அது காருக்குள்ளேயே குட்டி வானொலி நிலையம்போல ஒலிபரப்பும். உலகச் சந்தைக்குச் செய்யப்பட்ட பரப்பிகள் பொதுவாக 87.5 இல் தொடங்குகின்றன. ஜப்பானிய வானொலி 90 இல் முடிகின்றது. இரண்டும் சந்திக்கக்கூடிய இடம் வெறும் இரண்டரை மெகாஹேர்ட்ஸ். அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் உண்மையான நிலையம் ஒன்று குறுக்கிட்டால் பாட்டு இரைச்சலாகிவிடும். ஒலிநாடா வாய் உள்ளவர்களுக்குக் கம்பி பூட்டிய ஒலிநாடா உறை இதைவிட எவ்வளவோ மேல். எனினும் அதுவும் சுற்றிவளைத்த வழியே.

நேரான வழி எது? மாற்றிக்கான இணைப்பு உள்ள வானொலியாயின், மாற்றியைப்போல் பதில் சொல்லி வானொலியை ஏமாற்றும் சிறு சாதனங்கள் கிடைக்கின்றன. பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. சரியான ஏமாற்று என்று அதைச் சொல்வேன். இணைப்பு இல்லாவிட்டால் பெட்டியைத் திறக்கவேண்டும். ஒலிநாடாவின் தலையிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. முதலில் ஒரு முன்பெருக்கி அதனைப் பெரிதாக்கும்; பின்னர் அது ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் சில்லுக்குச் செல்லும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் நமது கம்பிகள் நுழைய வேண்டும். பக்கத்துக்கொரு கெபாசிற்றர் வைத்து, மேலுறையிட்ட கம்பியால் ஈயம் வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. வெற்று ஒலிநாடா ஒன்றை ஓடவிட்டால் வானொலி ஒலிநாடா பாடுவதாக எண்ணிக்கொள்ளும். பாடுவது உங்கள் கைத்தொலைபேசி. பொருட்செலவு கொழும்பில் ஒரு சோற்றுப் பார்சலின் விலையைத் தாண்டாது. கூலி வேறு, அனுபவமுள்ள கைக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. முன்பெருக்கிக்கு முன்னால், ஒலிநாடாத் தலையின் கம்பியில் கொழுவினால் காதைக் கிழிக்கும் சிதைவே வரும். ஒலிபெருக்கிக் கம்பிகளைத் தொடவே கூடாது. இக்கால வானொலிகளில் அவை இரண்டிலுமே மின்னழுத்தம் உண்டு. ஒன்றைக் காரின் உடலோடு இணைத்தால் அம்ப்ளிபயர் எரிந்துபோகலாம். சில வானொலிகள் பற்றறி கழற்றப்பட்டதும் இரகசிய இலக்கம் கேட்கும். அதை முன்பே தேடி எழுதிவைக்க வேண்டும். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றிக்கொண்டே பாட்டுக் கேட்கும்போது இயந்திரத்தின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஒரு முனகல் வந்தால் அஞ்சவேண்டாம். இரண்டு சிறிய நிலைமாற்றிகள் அடங்கிய தனிமைப்படுத்தி ஒன்று கம்பியின் நடுவே இருந்தாற் போதும்.

எல்லாக் கார்களிலும் இது முடியும் என்று நான் வாதாடவில்லை. ஒளியிழை வளையத்தில் வானொலியும் அம்ப்ளிபயரும் பேசிக்கொள்ளும் உயர்ரகக் கார்களில் மூன்று கம்பிகள் செல்லுபடியாகா. ஆனால் அவ்வாறான கார்களிலும், குளிரூட்டியின் பொத்தான்களும் வானொலியும் ஒரே முகப்பில் அமைந்த கார்களிலும், செற்றைக் கழற்றி எறிவது இதைவிடப் பெரிய தலையிடி என்பதைத் தொடுதிரை வியாபாரி முன்கூட்டிச் சொல்வதில்லை.

2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள், இருக்கும் காரை எப்படியாவது ஓட்டுவதே நமது கதியாக இருந்தது. டொலர் இல்லாமல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற தேசம், நன்றாக வேலை செய்யும் வானொலியைக் குப்பையில் போட்டுவிட்டு இறக்குமதித் திரையை வாங்குவதை 'முன்னேற்றம்' என்று அழைப்பது எனக்குச் சிரிப்பைத் தருவதில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. கனடாவில் தமிழ் வானொலிகள் வளர்ந்த காலத்தில் அவற்றுட் சில துணை அலைகளில் ஒலிபரப்பாகின. அவற்றைக் கேட்க விசேட பெட்டி வேண்டும். கார் வானொலிக்கு அவை எட்டவில்லை. இன்று அதே குரல்கள் கைத்தொலைபேசியில் வந்து நிற்கின்றன. வேலைக்குப் போகும் வழியில் அவற்றைக் கேட்பதற்கும் கேட்காமலிருப்பதற்கும் இடையில் பழைய காரில் உள்ள தடை இந்த ஒரு துளையே.

புதிய கார்களிலோ காற்று எதிர்த்திசையில் வீசுகின்றது. 2016 இல் அப்பிள் நிறுவனம் தனது கைத்தொலைபேசியிலிருந்து இத்துளையை நீக்கியபோது அதற்குத் 'துணிவு' என்று பெயர் சூட்டியது. கார்களிலிருந்தும் அது ஒவ்வொன்றாக மறைகின்றது. 2023 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், தனது எதிர்கால மின்சாரக் கார்களில் கைத்தொலைபேசியின் முகத்தைத் திரையில் காட்டும் வசதியையே கைவிட்டுத் தன்னுடைய மென்பொருளை மாத்திரம் வைக்கப்போவதாக அறிவித்தது. இறுவட்டு மாற்றியின் தரவுக் கம்பி வேறு உடை தரித்து வந்திருக்கின்றது என்றே நான் இதைப் பார்க்கிறேன். ஒக்ஸ் துளை பெயர் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை, தொலைபேசியிலுள்ள விலாசங்களைப் படிப்பதில்லை. அதில் சிறிய புளுடூத் வாங்கி ஒன்றைச் செருகினால் கம்பியில்லாமலும் கேட்கலாம். நாளை இன்னொன்று வந்தால் அதையும் செருகலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் தொடுதிரைதான் வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும். அது அவர்கள் காசு. ஆனால் கழற்றிய செற்றை, "உங்களுக்கு ஏன் இந்தப் பழசு?" என்று கேட்கும் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒருமுறை நடந்து, அதே மாதிரிச் செற்றுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.