தோழியும் முழங்கால் கணக்கும்

மேலைநாட்டுத் திருமணங்களில் மணப்பெண்ணுக்குத் தோழியராக நிற்பவர்களின் உடை முழங்காலுக்கு மேலே நிற்கலாமா, கீழே இறங்க வேண்டுமா என்று இரண்டு தரப்பினர் ஓயாமல் வழக்காடுகிறார்கள். ஒரு தரப்பு, கையில் அளவுநாடாவோடு நிற்கும் ஒழுக்கவாதிகள். குட்டை உடை என்றாலே பண்பாட்டின் வீழ்ச்சி என்பது அவர்கள் முடிபு. மறுதரப்பு, திருமண இதழ்களும் உடை வணிகர்களும். குட்டை உடை இளமையானது, மலிவானது, மீண்டும் அணியத்தக்கது என்பது அவர்கள் பல்லவி. அந்த உடையை அணியப்போகும் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்புவதில்லை. என் சண்டை இருவரோடும்தான்.

எங்கோ ஒரு தேவாலயத்தில் நிற்கும் பெண்ணின் பாவாடை நீளம் நமக்கெதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். 'பிரைட்ஸ்மெய்ட்' என்ற சொல்லை நாம் மணத்தோழி என்று மொழிபெயர்க்கிறோம். 'மெய்ட்' என்பதற்கு ஆங்கிலத்தில் இளம்பெண், பணிப்பெண் என இரு பொருள்கள் உண்டு. நாமோ அவளுக்குத் தோழி என்ற பெரிய சொல்லைத் தந்துவிட்டோம். அகத்திணை மரபில் தோழி யார் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. களவிலும் கற்பிலும் அவள் கூற்று நிகழும் இடங்களை நிரல்படுத்துகிறது. தலைவனைச் சேட்படுப்பவள் அவள். வாயில் மறுப்பவள் அவள். தலைவியின் காதலைச் செவிலிக்கு உணர்த்தி அறத்தொடு நிற்பவள் அவள். தலைவி சொல்லத் தயங்குவதைச் சொல்லும் உரிமை பெற்றவள். இத்தகைய பெயரை ஒருத்திக்குச் சூட்டிவிட்டு, "நீ எதை அணியவேண்டும் என்று நான் முடிவுசெய்துவிட்டேன்" என்றால், அங்கே எஞ்சுவது 'மெய்ட்' என்பதன் இரண்டாவது பொருள் மட்டுமே.

முதலில் ஒழுக்கவாதிகளைப் பார்ப்போம். மேற்கில் பெண்களின் பாவாடை விளிம்பு 1920களின் நடுவில் முழங்கால்வரை ஏறியது. 1930களில் மீண்டும் இறங்கியது. இரண்டாம் உலகப் போரின் துணித் தட்டுப்பாட்டில் ஏறியது. 1947இல் கிறிஸ்தியன் தியோர் கொண்டுவந்த புதுப்பாணியோடு இறங்கியது. 1960களில் மினி ஸ்கர்ட்டாக முழங்காலைத் தாண்டி மேலே போயிற்று. திருமண உடைகளும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தத்தம் வழியில் பின்தொடர்ந்தன. நீளம்தான் ஒழுக்கத்தின் அளவுகோல் என்றால், ஐம்பதாண்டுக்குள் மேற்கு மூன்று முறை கெட்டு இரண்டு முறை திருந்தியிருக்க வேண்டும்! துணியின் விலையும் போரும் பாணியும் எழுதிய வரலாற்றை அறத்தின் வரலாறாகப் படிப்பது பாமரத்தனம்.

நீண்ட உடை பெண்ணைப் பார்வையிலிருந்து காப்பாற்றும் என்ற வாதமும் நிற்காது. 2011 ஏப்ரலில் இளவரசர் வில்லியத்தின் திருமணத்தில் மணப்பெண்ணின் தங்கை பிப்பா மிடில்டன் அணிந்திருந்தது பாதம்வரை நீண்ட வெள்ளை உடை. ஆனால் அடுத்த நாளே உலகப் பத்திரிகைகள் பலவற்றில் அவருடைய உடலமைப்பே பேசுபொருளாக இருந்தது. நீளம் அங்கே யாருடைய கண்ணையும் கட்டவில்லை.

நீண்ட உடையே கண்ணியமானது, வசதியானது என்பவர்கள் இன்னொரு திருமணத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1840 பிப்ரவரியில் விக்டோரியா அரசியின் திருமணத்தில் தோழியர் பன்னிருவர். அவர்கள் உடையை அரசியே வரைந்து கொடுத்தார். அரசியின் பின்தானையைத் தாங்கி நடப்பது அவர்கள் வேலை. ஆனால் பன்னிருவர் பிடித்து நடக்க அந்தத் தானையின் நீளம் போதவில்லை. ஒருவர் குதிகாலை ஒருவர் உதைத்துக்கொண்டும் ஒருவர் உடையை ஒருவர் மிதித்துக்கொண்டும் தட்டுத்தடுமாறிப் போனதாக அவர்களில் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். உடைகள் நீளம்தான், கண்ணியம்தான். உடுத்தவர்களின் பாடு யார் கணக்கிலும் வரவில்லை.

இனி வணிகர்கள். குட்டை உடைக்கு நியாயங்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோடைத் திருமணத்தில் அது இதம். புல்வெளியிலும் கடற்கரையிலும் விளிம்பு அழுக்காகாது. இரவு நடனத்துக்கு வசதி. விரும்பி அணிபவள் மகிழ்ச்சியாக அணியட்டும். ஆனால் "மீண்டும் அணியலாம்" என்ற பல்லவியை நம்புவதற்கில்லை. தோழியாக நின்று நின்றே அலமாரியை 27 உடைகளால் நிரப்பிக்கொண்ட ஒருத்தியைப் பற்றி '27 டிரெஸ்ஸஸ்' என்ற ஹாலிவுட் படம் 2008இல் வந்தது. அந்த நகைச்சுவை அங்கே எடுபட்டதற்குக் காரணம், பார்த்த பெண்கள் பலருடைய அலமாரியிலும் அப்படி ஓர் உடையாவது தொங்கிக்கொண்டிருந்ததுதான். பிரிட்டனில் தோழியரின் உடைச் செலவை மணமகள் வீட்டார் ஏற்பது வழக்கம். அமெரிக்காவிலோ பெரும்பாலும் தோழியே தன் காசில் வாங்கவேண்டும். தேர்வு ஒருத்தியுடையது, பணம் இன்னொருத்தியுடையது, உடலும் அந்த இன்னொருத்தியுடையது.

உடல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் சேலை கட்டுபவளின் உயரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது; ஐந்தடிப் பெண்ணும் ஆறடிப் பெண்ணும் ஒரே சேலையைக் கணுக்கால்வரை கட்டலாம். தைத்த உடைக்கு அந்த இரக்கம் கிடையாது. ஆயத்த உடையில் அளவு எண் கூடக்கூடச் சுற்றளவு கூடுகிறது. நீளம் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. ஐந்தடிப் பெண்ணுக்கு முழங்காலில் நிற்கும் அதே உடை, ஐந்தடி ஒன்பது அங்குலப் பெண்ணுக்குத் தொடையின் நடுவுக்கு ஏறிவிடும். நீண்ட உடையென்றால் மிஞ்சியதை வெட்டித் தைக்கலாம். குட்டை உடையில் இல்லாத துணியை எங்கிருந்து கொண்டுவருவது?

அந்த உடையோடு அவள் செய்யவேண்டியவற்றையும் எண்ணிப் பாருங்கள். மணமகளின் பின்தானையைக் குனிந்து விரித்துவிட வேண்டும். தேவாலயத்தில் மண்டியிட வேண்டும். எல்லோர் கண்ணும் படும் முன்வரிசையில் அமரவேண்டும். பகல் முழுதும் நிழற்படக்காரர் சொல்லும் இடத்திலெல்லாம் நிற்கவேண்டும். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயம் போன்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது. இவற்றுள் எதையும் உடைக்கடையின் பொம்மை செய்வதில்லை.

"ஒரே ஒரு நாள்தானே, என் திருமணம்தானே, தோழி இதைக்கூடச் செய்யமாட்டாளா?" என்று மணப்பெண் கேட்கலாம். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். அன்றைய அரங்கின் நிறத்தையும் பொலிவையும் அவள் தீர்மானிக்கட்டும். அது அவள் உரிமை. ஆனால் அவள் கேட்பது எதை என்று பாருங்கள். ஒருத்தியின் தொடையில் தீக்காயத் தழும்பு இருக்கலாம். ஒருத்தியின் சமய நம்பிக்கை முழங்காலை மூடச் சொல்லலாம். ஒருத்திக்குக் காரணமே வேண்டியதில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இவர்கள் தழும்பைப் பற்றியோ நம்பிக்கையைப் பற்றியோ வாய்திறந்து விளக்கம் கொடுக்க வேண்டும். இல்லையேல் நாள் முழுவதும் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டபடி சிரிக்க வேண்டும். திருமணக் களிப்பில் இருக்கும் தோழியிடம் மறுப்புச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அப்படிப் பிறக்கும் சம்மதம் சம்மதமாகாது. நட்பின் பெயரால் வாங்கப்படும் வரி அது.

தோழியர் ஒரே மாதிரி உடுப்பது மணமகளைத் தேடிவரும் தீய ஆவிகளைக் குழப்புவதற்காகத் தோன்றிய வழக்கம் என்று ஒரு கதையைத் திருமண இதழ்கள் சொல்லிச் சலிப்பதில்லை. அது உண்மையோ பொய்யோ, ஆவிகளுக்கு அஞ்சும் காலம் போய்விட்டது. இன்று அந்த ஒற்றை அச்சு நிழற்படத்துக்காகத் தொடர்கிறது. நிறத்தை மட்டும் மணமகள் சொல்லி, வடிவத்தையும் நீளத்தையும் தோழியருக்கே விட்டுவிடும் முறை மேற்கிலேயே பரவிவருகிறது. அந்தப் படங்களில் வேறுவேறு உயரத்தில், வேறுவேறு உடலோடு, தம் உடையில் தாமாக நிற்கும் பெண்களைக் காணலாம். அதில் என்ன அழகு குறைந்துவிட்டது?

ஆகவே முழங்காலுக்கு மேலா, கீழா என்ற வழக்கை அளவுநாடாக்காரரும் தீர்க்கவேண்டாம், கடைக்காரரும் தீர்க்கவேண்டாம், மணமகளும் தீர்க்கவேண்டாம். அணிபவள் தீர்க்கட்டும். தோழி என்று ஒருத்தியை அழைத்தபின் அவள் வாய் திறப்பதற்கு இடம்விட்டே ஆகவேண்டும். அந்த இடத்தை மறுப்பவர்கள், தோழி என்ற சொல்லைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு 'மெய்ட்' போதும்.