திருப்பதிக்குப் போகிறோம், பல்கலைக்கழகத்தைப் பார்த்தோமா?

சென்ற பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள், திரும்பிப் பார்த்து, "மாமா, யூனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் தவிர வேற என்னல்லாம் சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். "அது உனக்கெதுக்கும்மா?" என்றார் அவள் அப்பா. வரிசையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அன்று அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் பங்காருபாளையம். சித்தூரிலிருந்து பலமநேர் போகும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாகும் வரை எங்கள் பக்கமெல்லாம் வட ஆற்காட்டோடு இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் சரளமாகப் பேசுவேன். படிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். 1983இல் எம்.எஸ்ஸி. வேதியியல் சேர, ட்ரங்குப் பெட்டியோடு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். "கெமிஸ்ட்ரி படிச்சா மருந்துக் கம்பெனியில வேலை" என்பது என் அப்பாவின் கணக்கு. பொங்கல் வரிசையில் நின்ற அப்பாவுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆந்திர மாநிலம் பிரிந்த மறு ஆண்டே, 1954இல் தோன்றியது ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம். மலையடிவாரத்தில் பரந்த வளாகம். வகுப்பில் நான் கற்ற வேதியியல் பெரும்பாலும் மறந்துவிட்டது. மறக்காதது விடுதி! என் அறையிலேயே ஒரு கடப்பாக்காரர், தாவரவியல். சேஷாசலம் காட்டிலிருந்து இலைகளையும் கிளைகளையும் கொண்டுவந்து பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, அதன் மேல் என் ட்ரங்குப் பெட்டியையே பாரமாக ஏற்றி வைப்பார். செம்மரம் இந்த மலைப் பக்கங்களை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக அதிகம் வளராது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த அறையில் நிலவியல் மாணவர். அவர் கட்டிலுக்கடியில் கற்கள். எதிர் அறைக்காரர் பகலெல்லாம் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளோடு உட்கார்ந்துவிட்டு, இரவு வந்து எங்களோடு சீட்டாடுவார். அந்த நிறுவனம் 1939இல் தேவஸ்தானம் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் என்.டி.ராமராவ் முதலமைச்சர் ஆகியிருந்தார். மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும், அரசியல் வாதம் ஆறாது! பெண்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகம், ஸ்ரீ பத்மாவதி மகிளா விசுவவித்யாலயம், திருப்பதியில் பிறந்ததும் அதே 1983இல்தான்.

அங்கே ஒரு தமிழ்த் துறையும் இருந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அதில் படித்தார். எங்களைப் போன்றவர்களை மற்றவர்கள் 'அரவவாடு' என்று கேலி செய்யும்போது நான் தெலுங்கில் சமாளிப்பேன். அவர் தமிழிலேயே திருப்பிக் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருச்சானூருக்குப் பக்கத்தில் யோகிமல்லவரம் பராசரேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில். சுவரில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தார். விளக்குக்கும் பூசைக்கும் யாரோ கொடுத்த கொடைக் கணக்கு. எல்லாம் தமிழ்! "நீங்களும் படிங்க" என்றார். எனக்கு அன்றைய தினத்தந்தியே தகராறு. கல்லை எங்கே படிப்பது? வெயில் அதிகம் என்று சொல்லி நிழலுக்கு நகர்ந்துவிட்டேன்.

திருமலைக் கோயில் கல்வெட்டுகளைத் தேவஸ்தானமே 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. போக சீனிவாசர் திருமேனியைக் கொடுத்த சாமவை என்ற அரசியைப் பற்றி நமக்குச் சொல்வதும் அந்தக் கல்தான். தெலுங்கு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஒரு துறை எதற்கு என்று யாராவது கேட்டால், அந்தச் சுவர்களைக் காட்டலாம். ஆனால் சுவரைப் படிக்க ஆள் வேண்டுமே!

எங்கள் மாவட்டத்தின் தெற்கு மூலையில், மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில், 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு ஆந்திர அரசு அமைத்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த வ.அய். சுப்பிரமணியம் அவர்கள் இதற்காகவும் உழைத்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கூரையின் கீழ். நாட்டார் வழக்காறும் பழங்குடி ஆய்வும் உண்டு. கணினியும் உண்டு, பயப்பட வேண்டாம்.

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டி 2018இல் முடித்தார்கள். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் தந்தது. நம் சங்கத்திலும் வசூல் செய்தோம், பெருமையாகக் கைதட்டினோம். தப்பில்லை. நானும் கொடுத்தேன். ஆனால் அன்று பணம் கொடுத்த வீடுகளில் எத்தனை வீட்டுப் பிள்ளை ஒரு பருவமாவது தமிழையோ வரலாற்றையோ மொழியியலையோ எடுத்துப் படித்தது? எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. என் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் பொறியாளர்கள். நாற்காலிக்குக் காசு தருவோம், அதன் எதிரே பெஞ்சில் உட்காரப் பிள்ளையைத் தர மாட்டோம். பெஞ்சு காலியாக இருந்தால் நாற்காலி எத்தனை நாள் நிற்கும்?

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வீட்டுக் கடனும் படிப்புச் செலவும் எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் படிக்காதே என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லப் போவதில்லை. இங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் முதன்மைப் பாடத்தோடு வேறு துறைப் பாடம் ஒன்றிரண்டு எடுக்க இடம் தருகிறார்கள். அந்த ஒன்றையாவது அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஓலைச்சுவடிக்காரரோடு சீட்டாடிய வேதியியல் மாணவனுக்கு நஷ்டம் எதுவும் வந்துவிடவில்லை. நிழலுக்கு ஒதுங்கியதுதான் நஷ்டம். நாற்பது வயதுக்கு மேல், இங்கே நம் சங்கத்துத் தமிழ்ப் பள்ளியில் என் மகளோடு பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் தமிழைத் தடையில்லாமல் படிக்கக் கற்றேன்.

இன்னொரு யோசனை. ஆண்டுதோறும் கலை நிகழ்ச்சிக்குச் செலவாவதில் ஒரு சிறு பங்கை எடுத்துத் திருப்பதியிலோ குப்பத்திலோ தமிழ் படிக்கும் ஒரு மாணவருக்கு உதவித்தொகையாக அனுப்பலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஓர் அன்பர் வேண்டும்.

அந்தப் பெண்ணின் குடும்பம் இந்தக் கோடை விடுமுறையில் தம்பிக்கு மொட்டை போடத் திருப்பதி போகிறது. தரிசனம் முடிந்து இறங்கும் நாளில் திருச்சானூர் போவார்கள். அங்கிருந்து யோகிமல்லவரம் ஆட்டோ தூரம்தான். வழியை ஒரு தாளில் எழுதி அவளிடமே கொடுத்திருக்கிறேன், அவள் அப்பாவிடம் அல்ல.