கொஞ்சம் இறங்குங்க பாஸ்

தேனி – கம்பம் ரோட்டுல ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்குல சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. பைக் வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். ஒவ்வொருத்தரும் முறை வந்ததும் வண்டியில உட்கார்ந்தபடியே சாவியை உருவி, குனிஞ்சு டேங்க் மூடியைத் திறந்து, "இருநூறுக்குப் போடுங்கண்ணே" என்பார். பின்னால உட்கார்ந்திருக்கிற ஆள் அசைய மாட்டார். டேங்க் மேல உட்கார்ந்து வந்த சின்னப் பிள்ளையை மட்டும் அப்பா ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்குவார். பெட்ரோல் விழும், மூடி விழும், வண்டி கிளம்பிடும். இத்தனை பேர்ல வண்டியை விட்டு இறங்கினவங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

நானும் போன ஆடி வரைக்கும் இறங்காத கட்சிதான்.

அன்னைக்கு நானும் என் ரூம்மேட்டும் மூணாறு கிளம்பினோம். நம்ம ஊர்ப் பழக்கம் தெரியும்ல? மலை ஏறுறதுக்கு முன்னாலேயே டேங்க்கை நிரப்பிடணும். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைச்சது. 2023 ஏப்ரல்ல கேரளா 2 ரூபாய் செஸ் போட்டது. அதனால மேல போறவன் போடியிலயோ கூடலூர்லயோ கழுத்து வரைக்கும் ஊத்திக்கிட்டுத்தான் போவான். நாங்களும் வழியில ஒரு பங்க்குல நின்னு "ஃபுல் பண்ணுங்கண்ணே"ன்னோம். நாசில் டக்குன்னு தானா கட் ஆச்சு. மீட்டர்ல சில்லறையா ஒரு தொகை நின்னுச்சு. அதை முழு ரூபாயாக்க அந்த அண்ணன் இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தினார். பெட்ரோல் பொங்கி என் ஜீன்ஸ் நனைஞ்சு, அப்படியே இன்ஜின் மேல வழிஞ்சு, 'ஸ்ஸ்'னு சத்தத்தோட ஆவியா எழும்புச்சு.

எதுவும் பத்திக்கல. ஆனா அந்த அஞ்சு செகண்ட்ல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. என்னால இறங்க முடியாது. ஒரு கையில டேங்க் மூடி, இன்னொரு கையில ஹேண்டில்பார். ஸ்டாண்டு போடல, வண்டி என் ரெண்டு கால்லதான் நிக்குது. பின்னால ரூம்மேட் மும்முரமா யூபிஐ பின் நம்பர் அடிச்சுக்கிட்டிருக்கான். அவன் இறங்காம நான் காலைத் தூக்கிப் போடவே முடியாது. பயத்துல குதிச்சிருந்தா? வண்டி சாஞ்சிருக்கும். மூடி திறந்த, விளிம்பு வரைக்கும் நிரம்பின டேங்க், சூடான இன்ஜினோட பங்க் தரையில கிடந்திருக்கும். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் தொடை எரிய எரியத்தான் ஏறினேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பெட்ரோல் போடும்போது பைக்ல இருந்து இறங்குங்க. பின்னால இருக்கிறவரும் இறங்கணும். ஸ்டாண்டு போடுங்க. ஏதாவது ஆனா ரெண்டு எட்டு பின்னால போயிடலாம், வண்டியும் சாயாம நின்ன இடத்துலயே நிக்கும்.

"ஏன்டா, தினம் லட்சக்கணக்கான பேர் உட்கார்ந்துதான் போடுறாங்க, என்ன ஆகிப் போச்சு"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பெரும்பாலும் எதுவும் ஆகாது. சூடான இன்ஜின்ல விழுந்த பெட்ரோல் உடனே பத்திக்கும்னு நினைக்கிறதும் தப்பு. திறந்த வெளியில அதுக்கு ரொம்ப அதிக சூடு வேணும். ஆனா அந்தச் சூடு பெட்ரோலை நொடியில ஆவியாக்கிடும். பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயிண்ட் மைனஸ் 40 டிகிரிக்கிட்ட. அதாவது நம்ம சித்திரை வெயில்ல மட்டும் இல்ல, கொடைக்கானல் மார்கழியிலயும் அது ஆவியாகிப் பத்திக்கத் தயாராத்தான் இருக்கு. அந்த ஆவி காற்றை விட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாம வண்டியைச் சுத்திக் கீழே இறங்கும். அதைப் பத்த வைக்க ஏறக்குறைய கால் மில்லிஜூல் போதும். கைக்கே தெரியாத ஸ்டாட்டிக் பொறியில கூட அது இருக்கும். பழைய பிளக் கேப்ல அடிக்கிற லீக்குலயும், பக்கத்துல செல்ஃப் ஸ்டார்ட் அழுத்துற வண்டியிலயும் தாராளமா இருக்கும்.

கார்ல டேங்க் மூடி பின்பக்கம் ஒரு மூலையில இருக்கு. ஸ்கூட்டர்ல ரொம்ப நாள் சீட்டுக்கு அடியில இருந்துச்சு, இறங்காம போடவே முடியாது. அது ஒரு நல்ல டிசைன்னு அப்போ யாருக்கும் தோணல, தொந்தரவுன்னுதான் தோணுச்சு. 2020-ல ஆக்டிவா 6ஜி-யில மூடி வெளியே வந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம், இப்ப ஸ்கூட்டர்லயும் உட்கார்ந்தே போடுறோம். பைக்ல எங்க இருக்கு? ரெண்டு தொடைக்கும் நடுவுல. கீழே இன்ஜின். நம்ம பக்கம் வாழைத்தாரும் புல்லுக்கட்டும் ஏத்திக்கிட்டு ஓடுற எக்ஸ்எல்லுலயும் சீட்டுக்கு முன்னாலதான் மூடி. இந்த டிசைனை இப்ப மாத்த முடியாது. நாம இறங்குறது ஒண்ணுதான் வழி.

வேடிக்கை என்னன்னா, பங்க்குல பயப்படாத ஆளுங்க இல்ல நாம. தப்பான விஷயத்துக்குப் பயப்படுறோம். இருநூறுன்னு ரவுண்டா கேட்டா அளவைக் குறைச்சுடுவாங்க, அதனால இருநூத்திப் பத்துன்னு கேக்கணும்னு ஹாஸ்டல்ல ஒரு ஐதீகம். மீட்டர் அளக்கிறது லிட்டரை. ரூபாய் அதுல இருந்து கணக்குப் போட்டு வர்றது. நீங்க என்ன தொகை சொன்னாலும் அதே அளவுகோல்தான். அடுத்தது, விடியக்காலைல போட்டா பெட்ரோல் குளிர்ந்து அடர்த்தியா இருக்கும், லாபம். தெர்மோ பேப்பர் எழுதின நாமளே இதை நம்புறதுதான் கொடுமை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.095 சதவீதம் விரியும். மண்ணுக்கு அடியில இருக்கிற டேங்க்குல காலைக்கும் மதியத்துக்கும் பெருசா வெப்பநிலை மாறாது. அஞ்சு டிகிரி மாறுதுன்னே வச்சுக்கிட்டாலும் ரெண்டு லிட்டருக்கு வித்தியாசம் 10 மில்லிக்குள்ள. ஒரு ரூபாய் சமாச்சாரம். அதுக்காக அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணுமா?

அதே கணக்கை ஃபுல் டேங்க்குக்குப் போட்டுப் பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. 12 லிட்டரைக் கழுத்து வரைக்கும் ஊத்திட்டு, வண்டியை வெயில்ல நிறுத்திட்டு பரோட்டா சாப்பிடப் போறீங்க. டேங்க் 15 டிகிரி சூடானா 170 மில்லி கூடுதலா இடம் கேக்கும். எங்க போகும்? மூடி வழியா கசியும், இல்லைன்னா ஆவியைப் பிடிக்கிறதுக்காக வண்டியில இருக்கிற கரி கேனிஸ்டர்ல திரவமாவே போய் அதைக் கெடுக்கும். நாசில் தானா கட் ஆனதும் "போதும்ணே, சில்லறையோடயே இருக்கட்டும்"னு சொல்லிடுங்க. ஜிபேல சில்லறைப் பிரச்சனையே கிடையாதே.

உண்மையிலேயே ஏமாந்துடுவோம்னு பயமிருந்தா அதுக்கும் இறங்குறதுதான் மருந்து. உட்கார்ந்திருக்கிற ஆள் டேங்க் ஓட்டையைப் பார்ப்பார், இல்ல போனைப் பார்ப்பார். மீட்டர் பின்னாடி எங்கேயோ இருக்கும். இறங்கி நின்னா சைபர்ல ஆரம்பிக்குதான்னு நேராவே பார்க்கலாம். சந்தேகம் இருந்தா அஞ்சு லிட்டர் அளவை கேன்ல பிடிச்சுக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. எடை அளவுச் சட்டப்படி அதுல 25 மில்லிக்கு மேல குறையக் கூடாது. ஃபில்டர் பேப்பர் டெஸ்டும் கேக்கலாம், காசு கிடையாது.

செல்போன் விஷயத்துக்கு வருவோம். "செல்போன் பயன்படுத்தாதீர்" போர்டுக்கு நேர் கீழேயே க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற காட்சியை எல்லாரும் மீம் போட்டாச்சு. அமெரிக்காவுல பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமைப்பு பங்க் தீ விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தது. செல்போன் பொறியால தீப்பிடிச்சதா அவங்ககிட்ட ஒரு பதிவும் இல்ல. பல சம்பவங்கள்ல ஸ்டாட்டிக்தான் காரணம், அதுவும் பெட்ரோல் போடுற நேரத்துல கார் சீட்ல ஏறி இறங்கினதால வந்தது. அதனால இறங்குறதா இருந்தா மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே இறங்கிடுங்க. நடுவுல சீட்ல உரசி உரசி ஏறி இறங்க வேண்டாம். போனை நான் ஒதுக்கச் சொல்றது பொறிக்காக இல்ல, கவனத்துக்காக. பெட்ரோல் விழுந்து முடிஞ்சு, மூடி பூட்டி, வண்டியை ரெண்டடி தள்ளி நிறுத்திட்டுப் பணம் அனுப்புங்க. பின்னால இருக்கிறவரும் திட்ட மாட்டார்.

டேங்க் மேல உட்கார்ந்து வர்ற அந்தப் பிள்ளையை மறந்துடாதீங்க. திறந்த மூடிக்கு நேர் மேல அதோட முகம். நம்ம பெட்ரோல்ல 1 சதவீதம் வரைக்கும் பென்சீன் இருக்கலாம்னு விதியே அனுமதிக்குது. புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள் அது. நாள் முழுக்க அங்க நின்னு போடுற அக்காக்களும் அண்ணன்களும் அதைத்தான் சுவாசிக்கிறாங்க, அது தனியா ஒரு கட்டுரை எழுத வேண்டிய விஷயம். பிள்ளையைக் கீழே இறக்கி நாலடி தள்ளி நிக்க வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லாராலயும் முடியாதுன்னு எனக்கும் தெரியும். எக்ஸ்எல்லுல ரெண்டு மூட்டையைக் கட்டிக்கிட்டு வர்ற பெரியவரை "இறங்குங்க தாத்தா"ன்னு சொல்ல நான் யார்? ஸ்டாண்டு போட்டா சரக்கோட சாஞ்சிடும். அவருக்கு வண்டியைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளா வரிசையில நிக்கிற நாம இருக்கலாம். ஆனா காலேஜ் பேக் ஒண்ணை மட்டும் மாட்டிக்கிட்டு வர்ற நமக்கு என்ன சாக்கு? "வரிசை நிக்குது, ஹாரன் அடிக்கிறாங்க"ங்கிறதுதான் பெரிய சாக்கு. நான் அளந்தே பார்த்துட்டேன். இறங்கி ஏற எனக்குக் கூடுதலா ஆகுறது எட்டு செகண்ட். பிரிட்டன்ல பல பங்க்குகள்ல இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டினாத்தான் பம்ப்பையே ஆன் பண்ணுவாங்க. அங்கயும் வரிசை நிக்கத்தான் செய்யும்.

போன வாரம் சின்னமனூர்ல பெட்ரோல் போட நின்னேன். முறை வந்ததும் இன்ஜினை அணைச்சு, சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். நாசிலைக் கையில வச்சிருந்த அண்ணன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா, வண்டியில ஏதும் பிரச்சனையா?"

"இல்லண்ணே, பெட்ரோல் போடத்தான். நூத்தம்பதுக்கு."