முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவா?



பருப்பு விலையும் வரி விவகாரமும் பேசுகின்ற நம் இதழில், ரேஸ் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி இவன் ஏன் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிள் உதிரிபாக மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். என் கடையில் நடந்த ஒரு தவறு தராசு பிடிக்கும் எல்லோருக்கும் பாடம் என்பதால் எழுதுகிறேன்.

பால்காரர் சைக்கிளின் ரிம் தட்டையாக இருக்கும். ரேஸ் சைக்கிளின் கார்பன் ரிம்மோ டயரிலிருந்து நடுப்பக்கம் நோக்கி இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தைத்தான் ஆழம் என்கிறோம். 30 மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது, 80 மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது. வேகம் இரு மடங்கானால், காற்றைக் கிழித்துச் செல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். ஆழமான ரிம் காற்றை அதிகம் கலக்காமல் வழியவிடும். ஆகையால் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவருக்கு அதனால் ஆதாயம் உண்டு. மெதுவாக மலை ஏறுபவருக்கு அதன் எடை வெறும் சுமைதான்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர், மளிகைக்கடைக்காரர். அவர் மகன் என்னிடம் வந்து, "முன்னும் பின்னும் 80 கொடுங்க" என்று கேட்டான். பையனின் எடை 52 கிலோ. விலை கூடிய சரக்கு, லாபமும் கூட. நான் ஒன்றும் கேட்கவில்லை. பில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்தச் சாலையில் ஒரு லாரி பையனைக் கடந்து போனது. லாரி மறைத்திருந்த காற்று, அது விலகியதும் மொத்தமாக முன் சக்கரத்தில் அடித்தது. ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டது. காறை எலும்பு முறிந்து, பையன் ஆறு வாரம் கட்டோடு கிடந்தான்.

பார்க்கப் போன என்னை அவன் தகப்பனார் திட்டவில்லை. "அண்ணாச்சி, நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பானே" என்றார், அவ்வளவுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். முன் சக்கரம் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவது. பக்கக் காற்று அதில் பட்டால் கைப்பிடியையே திருப்பப் பார்க்கும். பின் சக்கரம் சட்டத்தில் அசையாமல் பூட்டியிருப்பது. ஓட்டுபவரின் எடையும் அதன் மேல்தான் அதிகம். அது கூடுதல் ஆழத்தைத் தாங்கும். எனவே முன்னால் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் போடுவதே முறை. ரோவல் ராபிடே சி.எல்.எக்ஸ். சக்கரங்களை முன் 51, பின் 60 என்றே அமைத்தார்கள். நேரப் பந்தயங்களில் பின்னால் முழுத்தட்டுச் சக்கரமும் முன்னால் சாதாரண ஆழ ரிம்முமாக வீரர்கள் ஓட்டுவதும் இதனால்தான்.

1984-இல் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோவில் முன்னும் பின்னும் தட்டுச் சக்கரத்தோடு ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினாரே என்று கேட்கலாம். அது லாரி வராத பந்தயத் தடம். கூட்டமாக ஓட்டும் சாலைப் பந்தயங்களுக்கு, 2026 ஜனவரி 1 முதல் ரிம் ஆழம் 65 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று உலகச் சைக்கிள் அமைப்பான யூ.சி.ஐ. 2025-இல் அறிவித்தது. நான் விற்றதோ 80!

"ஜோடியைப் பிரித்தால் சரக்குத் தேங்குமே" என்கிறார்கள் சக வியாபாரிகள். முன் சக்கரமும் பின் சக்கரமும் எப்போதுமே வேறு வேறு ஹப் கொண்ட தனிச் சரக்குகள்தான். ஜோடி என்பது பில் புத்தகத்தின் வசதி. கொள்முதல் செய்யும்போதே தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் தேக்கம் வராது.

இப்போது என் கடையில் மூன்று கேள்வி கேட்காமல் சக்கரம் விற்பதில்லை. உங்கள் எடை என்ன? எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள்? எவ்வளவு வேகம்? எடை குறைந்தவர், காற்றடிக்கும் சாலை என்றால் முன் 35, பின் 50 போதும் என்கிறேன். நல்ல எடையும் பழக்கமும் உள்ளவருக்கு முன் 50, பின் 60. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

இட்லிக்கு அரிசி கேட்டு வருபவரிடம் விலை கூடுதல் என்று சீரகச் சம்பாவை நிறுத்துக் கொடுப்போமா? கேட்டதைக் கொடுப்பது விற்பனை. எதற்கென்று கேட்டுக் கொடுப்பதே வியாபாரம்.

அந்தப் பையன் இப்போது முன் 35 போட்டு ஓட்டுகிறான். கழற்றிய 80 என் கடைச் சுவரில் தொங்குகிறது. அதை நான் விற்பதாக இல்லை.