வீரமும் விசுவாசமும் வெள்ளியும்

பழைய ஜெர்மானிய சமஸ்தானங்களின் வெள்ளி நாணயங்களைச் சேகரிக்கும் அன்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: "தேய்மானத்தைப் பார், அபூர்வத்தைப் பார், சரித்திரத்தைப் புரொபஸர்களுக்கு விட்டுவிடு." பெண்ணின் நகையைப் பார், குணத்தை விசாரிக்காதே என்னும் கல்யாணத் தரகரின் யோசனை மாதிரிதான் இது!

ஹெஸ்ஸே-காஸல் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. 1866-ல் பிரஷ்யா அதை விழுங்கிவிட்டது. அதன் அதிபதி இரண்டாம் பிரெடரிக் 1776-ல் ஒரு தாலர் நாணயம் அடித்தான். ஒரு பக்கம் அவன் முகம். மறுபக்கம் ஒரு நட்சத்திரம். 'வீரத்தாலும் விசுவாசத்தாலும்' என்று லத்தீனில் ஒரு வாசகம். அதே 1776 ஜனவரியில்தான், அமெரிக்கக் குடியேற்றங்களை அடக்க ஏறக்குறைய 12,000 சிப்பாய்களை இங்கிலாந்துக்கு வாடகைக்கு விட அவன் ஒப்பந்தம் செய்துகொண்டான். வாடகைப் பணம் கஜானாவுக்குப் போயிற்று. வீரமும் விசுவாசமும் குடியானவன் மகனுடைய பங்கு!

அதே மாதம் பிரன்ஸ்விக் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டது. காயம்பட்டவர்கள் மூவர் என்றால் செத்தவன் ஒருவன் என்று நஷ்டஈட்டுக்குக் கணக்கு வைத்தார்கள். மளிகைக்கடைக்காரன்கூட இவ்வளவு துல்லியமாகத் தராசு பிடிக்க மாட்டான்.

ஹெஸ்ஸே தாலருக்கு 'ரத்த டாலர்' என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று அந்தப் பெயரே விலையை ஏற்றும் விளம்பரம். எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர் பளபளப்பைப் பார்த்துப் பூரிக்கிறார். ரத்தம் யாருடையது என்று கேட்பதில்லை.

"அப்படியானால் உருக்கிவிடலாமா?" என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். வேண்டவே வேண்டாம். சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கு நடத்த முடியுமா? அந்த நாணயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் சாட்சியை வீட்டில் வைத்துக்கொண்டு அதன் வாயைப் பொத்துவது என்ன நியாயம்?

நாணயப் பெட்டியில் எடையும் விலையும் எழுதிய சீட்டு வைக்கிறீர்களே, அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை பேர், எந்தக் கடலைத் தாண்டி, யாருக்காகச் சாகப் போனார்கள் என்று. அதை எழுதக் கை கூசுகிறவர் வெள்ளிப் பாத்திரம் சேகரிக்கட்டும். கடையில் நிறைய இருக்கிறது. அவற்றின்மேல் 'விசுவாசம்' என்று யாரும் பொறித்து வைக்கவில்லை.