தாத்தாவின் கால் வலி

என் தாத்தாவுக்குக் காலைச் சந்தைக்கு நடந்து போவதில் தனி இன்பம். இரண்டாண்டுகளுக்கு முன்பு பாதி வழியில் நிற்கத் தொடங்கினார். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். சற்று நின்றால் போய்விடும். மீண்டும் நடந்தால் வந்துவிடும். "வயசாச்சுல்ல ஐயா" என்பார். நாங்களும் தைலம் தேய்த்ததோடு விட்டுவிட்டோம்.

காரணம் வயதல்ல. காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் கொழுப்பு படிந்திருந்தது. கிளினிக்கில் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். கணுக்காலின் மேல் அளவைக் கையின் மேல் அளவால் வகுத்து, விடை 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். வெறும் வகுத்தல் கணக்குதான்!

பிறகு மருத்துவர் நெஞ்சைப் பற்றி விசாரித்தது எனக்கு வியப்பாக இருந்தது. காலில் படிந்த கொழுப்பு காலோடு நிற்பதில்லையாம். இத்தகைய நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்தான் வருகிறது. தாத்தாவுக்கோ நெஞ்சு வலித்ததே இல்லை. இதயம் திணறும் அளவுக்கு நடக்கக் கால்தான் விடுவதில்லையே! போதாததற்கு இனிப்புநீர், வலி உணர்வையே மழுங்கடிக்கும். இசிஜியும் சரியாகவே இருந்தது.

எம்ஆர்ஐயில்தான் இதயத் தசையில் பழைய தழும்பு தெரிந்தது. எப்போதோ ஒரு மாரடைப்பு, அவருக்கே தெரியாமல் வந்து போயிருக்கிறது.

இது அபூர்வமன்று. ஐஸ்லாந்தில் 67 முதல் 93 வயது வரையிலான 936 பேரின் இதயத்தை எம்ஆர்ஐயில் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. 157 பேருக்கு யாரும் அறியாத மாரடைப்பின் தழும்பு இருந்தது. இசிஜி காட்டியதோ 46 பேரைத்தான். அவர்கள் பொதுவான முதியவர்கள். காலில் அடைப்பு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

காந்தப்புலப் பாடம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களே, இதற்குத்தான். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அதற்குள் தரும் சமிக்ஞைதான் படமாகிறது. எக்ஸ்ரே கதிர் இல்லை. கெடோலினியம் மருந்தை ஊசியில் செலுத்திப் பத்து நிமிடம் பொறுத்தால், நல்ல தசையிலிருந்து அது வெளியேறிவிடும். தழும்பில் தங்கி வெள்ளையாக ஒளிரும்.

கால் வலிக்கும் எல்லாரையும் இந்தக் குழாய்க்குள் அனுப்பச் சொல்லவில்லை. செலவு அதிகம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்தில் எச்சரிக்கை தேவை. கால் அடைப்பு உறுதியானாலே கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் சிகரெட்டை விடுவதும் கட்டாயம்தான். ஆனால் காலுக்கு அறுவைச் சிகிச்சை என்று வந்தால், இதயம் அதைத் தாங்குமா என்று தெரிய வேண்டும். "இசிஜி நல்லா இருக்கு" என்பதோடு எழுந்து வராமல், இதயத்தை ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நம் கடமை. பெரியவர்கள் கேட்கத் தயங்குவார்கள். உடன் போகும் நாம்தான் கேட்க வேண்டும்.

தாத்தா சிகரெட்டை விட்டுவிட்டார். மருத்துவரே நடக்கச் சொன்னதால் சந்தைக்கு மறுபடியும் நடக்கிறார். வலி வந்தால் பேருந்து நிறுத்தத்தில் உட்காருவோம். போனதும் கிளம்புவோம்.