தப்பு போடும் முன் ஒரு கேள்வி: “எப்படிக் கண்டுபிடிச்சே?”

மூன்றாம் வகுப்பு. கணக்கு பீரியடு. “நூற்று இருபத்தைந்து... எல்லாரும் நோட்டுல எழுதுங்க” என்கிறார் டீச்சர். முதல் வரிசையில் இருக்கும் பிள்ளை யோசித்து எழுதுகிறது: 10025.

சிவப்பு மை பேனா வருகிறது. குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 125. அடுத்த நோட்டு.

தூத்துக்குடியில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எந்த ஊரின் வகுப்பறையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். டீச்சர் செய்ததில் பிழை இல்லை. 10025 என்பது தப்புதான். ஆனால், அந்தப் பிள்ளை ஏன் அப்படி எழுதியது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவே இல்லை. கேட்டிருந்தால் சுவாரஸ்யமான பதில் கிடைத்திருக்கும்.

பிள்ளை சொன்னபடிதான் எழுதியது

‘நூறு’ என்றால் 100. ‘இருபத்தைந்து’ என்றால் 25. இரண்டையும் காதில் கேட்ட வரிசையில் எழுதினால் 10025. பிள்ளை கவனமில்லாமல் இருக்கவில்லை. கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது.

நம் பழைய தமிழ் எண்முறையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 125-ஐ ௱௨௰௫ என்று எழுதினார்கள். நூறு, இரண்டு பத்து, ஐந்து. வாயில் சொல்கிற வரிசை அப்படியே ஓலையில் வந்துவிடும். இன்று நாம் எழுதும் முறையில் நூறு என்ற சொல்லுக்குக் குறி கிடையாது. இடம்தான் மதிப்பைச் சொல்கிறது. இந்த மாற்றம் பெரியவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பெரிய தாவல்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 90 என்பது தொண்ணூறு. அதற்குள்ளேயே ‘நூறு’ ஒலிக்கிறது. 900 என்பது தொள்ளாயிரம். அதற்குள் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. தொள்ளாயிரம் என்று கேட்டதும் ஒரு பிள்ளை 9000 என்று எழுதினால், அதற்குக் காரணம் மக்குத்தனம் அல்ல, மொழி.

காரணம் தெரிந்துவிட்டால் சரிசெய்யும் வழியும் தெரிந்துவிடும். 100, 20, 5 என்று எழுதிய மூன்று அட்டைகளை எடுத்து, வலது ஓரம் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னால் போதும். நூறின் பூஜ்ஜியங்கள் 20-க்கும் 5-க்கும் அடியில் ஒளிந்துகொள்ளும். மேலே தெரிவது 125. பூஜ்ஜியம் எங்கே போனது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். குறுக்கே போட்ட கோட்டால் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

மூன்று படிகள்

பிள்ளை செய்ததைப் பார்ப்பது, அதன் பின்னால் இருக்கும் யோசனையைப் புரிந்துகொள்வது, அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது. கணக்கு ஆசிரியருக்கு வேண்டிய இந்தத் திறமையை உலகம் முழுக்கக் கல்வி ஆய்வாளர்கள் தனியாக ஆராய்ந்து வருகிறார்கள். 2010-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேக்கப்ஸ், லாம்ப், ஃபிலிப் ஆகிய மூவர், ஆசிரியர் பயிற்சி மாணவர்களிலிருந்து அனுபவம் மிக்க ஆசிரியர்கள் வரை 131 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

அதில் தெரியவந்தது இதுதான். பல வருடம் பாடம் நடத்திய அனுபவம் முதல் இரண்டு படிகளுக்கு ஓரளவு உதவுகிறது. ஆனால் பிள்ளையின் யோசனையை அடிப்படையாக வைத்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுப்பது வெறும் அனுபவத்தால் வந்துவிடுவதில்லை. அதற்கென்று தொடர்ந்து பயிற்சி எடுத்தவர்களிடம்தான் அது வளர்ந்திருந்தது.

‘நாலு வருஷம் கிளாஸ் எடுத்தா தானா வந்துரும்’ என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. பைக் ஓட்டுவதைப் போல, இதையும் யாராவது பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தப்பை யார் சொல்லிக்கொடுத்தது?

இன்னொரு கணக்கு. 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். விடை 25. ஆனால் பல நோட்டுகளில் 35 இருக்கும். ஒன்றாம் இடத்தில் 2-ம் 7-ம் இருக்கின்றன. பிள்ளை 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போடுகிறது. பத்தாம் இடத்தில் 5-லிருந்து 2 போனால் 3. ஆக, 35.

ஏன் தலைகீழாகக் கழித்தது? “சின்ன எண்ணுல இருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது” என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிள்ளை அந்த விதியை மறக்காமல் வைத்திருக்கிறது. நன்றாகப் படித்ததால் வந்த தப்பு இது! “கவனமாப் போடு” என்று நூறு முறை சொன்னாலும் இது மாறாது. ஏனென்றால், பிள்ளை ஏற்கெனவே கவனமாகத்தான் போடுகிறது.

இதையே கடைக் கணக்காக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். “கையில 52 ரூபாய் இருக்கு. 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்டே. மீதி எவ்வளவு?” 27-லிருந்து 30-க்கு 3, அங்கிருந்து 52-க்கு 22, ஆக 25 என்று அதே பிள்ளை சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால், அதற்குக் கழித்தல் தெரியும் என்று அர்த்தம். நோட்டில் எழுதும் முறை மட்டும்தான் இன்னும் கைவரவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

தெருவில் 140, தேர்வில் 200

பிரேசில் நாட்டின் ரெசிஃபி ஒரு துறைமுக நகரம். அங்கே தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் பிள்ளைகளிடம் மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளரைப் போலப் பேசிப் பொருள் வாங்கினார்கள். தெரேசின்யா நூனெஸ், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய அந்த மூவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

“நாலு தேங்காய் எவ்வளவு?” என்று கேட்டார்கள். ஒரு தேங்காயின் விலை 35. மூன்று தேங்காய் 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் 5 என்று மனதுக்குள் கூட்டி 140 என்று சரியாகச் சொன்னது ஒரு பிள்ளை. பின்னர் அதே பிள்ளையிடம் பேப்பரில் 35 × 4 கொடுத்தார்கள். நாலைந்து இருபது, மேலே 2. அந்த 2-ஐ முதலில் 3-உடன் கூட்டினால் 5. ஐந்தை நாலால் பெருக்கினால் 20. எழுதிய விடை 200.

தெருவில் கேட்ட கேள்விகளில் அந்தப் பிள்ளைகள் 98.2 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பேப்பரில் வெறும் எண்களாகக் கொடுத்த அதே வகைக் கணக்குகளில் கிடைத்தது 36.8 சதவீதம்தான்.

இது எங்கோ பிரேசிலில் நடந்த கதை என்று தூத்துக்குடிக்காரர்கள் நினைக்க வாய்ப்பில்லை. தெரேஸ்புரத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூறு வைத்து விற்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குக் கணக்கு விளையாட்டு மாதிரி. கிலோ 340 ரூபாய் என்றால் இரண்டரைக் கிலோவுக்கு 680-ம் 170-ம் சேர்த்து 850 என்று வாயிலேயே வந்துவிடும். 340-ஐ 2.5-ஆல் பெருக்கு என்று போர்டில் எழுதினால் புள்ளியை எங்கே வைப்பது என்று திணறலாம். வலையிலிருந்து வந்த வருமானத்தில் டீசல் செலவைக் கழித்துப் பங்கு பிரிப்பதையும், உப்பளத்தில் கூலி எண்ணுவதையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இப்படிப்பட்ட பிள்ளை, வகுப்பில் ‘கணக்கு வராத பிள்ளை’ என்று பெயர் வாங்கினால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் அதுவே அதை நம்பிவிடும். பத்தாம் வகுப்பு வருவதற்குள் ‘படிப்பு போதும்’ என்ற முடிவும் வந்துவிடலாம். ஒரு சிவப்புக் கோட்டின் விலை அவ்வளவு பெரியது.

முத்துக்குப் போட்ட கணக்கு

இந்தக் கடற்கரை கணக்குக்குப் பழகிய கடற்கரை. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் முத்துக்கு விலை வைத்த முறையைக் கேட்டால் கணக்கு ஆசிரியர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதலில் பத்துச் சல்லடைகளில் முத்துகளைச் சலிப்பார்கள். 20 துளை, 30 துளை, 50, 80, 100, 200 என்று 1000 துளை வரை. துளை குறைவான சல்லடையில் தங்குவது பெரிய முத்து. பிறகு மஞ்சாடிக் கணக்கில் எடை போடுவார்கள். அந்த எடையை அதே எடையால் பெருக்கி, அதில் முக்கால் பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அதாவது, ஒரே தரமான இரண்டு முத்துகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு எடை இருந்தால் அதன் மதிப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பெரிய முத்து கிடைப்பது அரிது என்பதை ஒரு வர்க்கக் கணக்குக்குள் அடக்கிவிட்டார்கள்.

அந்த வியாபாரியிடம் “வர்க்கம் என்றால் என்ன?” என்று தேர்வு வைத்திருந்தால் முட்டை மார்க்கூட வாங்கியிருக்கலாம். “இதை எப்படிக் கணக்குப் போட்டீங்க?” என்று கேட்டால்தான் அவருக்குத் தெரிந்தது வெளியே வரும்.

சரியான விடையும் ஏமாற்றும்

பிள்ளையின் யோசனையைக் கேட்பது தப்பு போடும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1973-ல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், பென்னி என்ற 12 வயதுச் சிறுவனிடம் பேசினார். பென்னி அவன் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பையன். தேர்வுகளில் தொடர்ந்து தேறிவந்தான்.

உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. பத்தில் இரண்டு பங்கைத் தசமமாக எழுதச் சொன்னால் அவன் 1.2 என்பான். பத்தில் ஐந்து என்றால் 1.5. மேலே இருக்கும் எண்ணையும் கீழே இருக்கும் எண்ணையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளி வைப்பது அவனாகவே உருவாக்கிக்கொண்ட விதி. மார்க் ஷீட் அதைக் காட்டவே இல்லை. யாரும் “எப்படி?” என்று கேட்காததால் அந்த விதி அவனுக்குள் பத்திரமாக இருந்தது.

நாளைய டீச்சருக்கு இன்று என்ன பயிற்சி?

தூத்துக்குடி மாவட்டத்தில் வானரமுட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நகரத்தில் வ.உ.சி. கல்வியியல் கல்லூரியும் அன்னம்மாள் மகளிர் கல்வியியல் கல்லூரியும் இருக்கின்றன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் மாணவர்கள் 20 வாரங்கள் பள்ளிகளில் பயிற்சி பெற வேண்டும்.

அந்த வாரங்களில் பாடக்குறிப்பு எழுதுவதற்கும், சார்ட் வரைவதற்கும், துணைக்கருவிகள் செய்வதற்கும் பயிற்சி மாணவர்கள் இரவு கண்விழிப்பதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அவை எல்லாம் ‘நான் என்ன சொல்லப்போகிறேன்’ என்பதற்கான தயாரிப்பு. ‘பிள்ளை என்ன நினைக்கிறது’ என்பதற்கும் தயாரிப்பு வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு வாரமும் ஐந்து நோட்டுகளில் தப்பான கணக்குகளை எடுத்துக்கொள்ளலாம். பெயரை மறைத்துவிட்டு, கல்லூரியில் நண்பர்களோடு உட்கார்ந்து, இந்த விடை எந்த வழியில் வந்திருக்கும் என்று பேசலாம். இரண்டு மூன்று ஊகங்களை எழுதிக்கொண்டு மறுநாள் பிள்ளையிடமே கேட்டு, எது சரி என்று பார்க்கலாம். பல நேரங்களில் மூன்று ஊகமும் தப்பாக இருக்கும். அங்கேதான் ஆசிரியரின் படிப்பு தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அதில் தெரியும். ஏன் அந்தப் படியில் நிற்கிறது என்பதை ஆசிரியர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் தயாரான அறிக்கையும், பிள்ளையின் சிந்தனையைக் கணித வழியில் வளர்ப்பதுதான் பள்ளிக் கணிதத்தின் முக்கிய நோக்கம் என்றது.

நேரம் எங்கே?

“நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷம். ஒவ்வொருத்தரா உட்கார்ந்து கேட்க முடியுமா?” என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகத் தப்பு செய்வதில்லை. ஒரு கணக்கில் வரும் தப்புகள் பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகளிடம் கேட்டாலே, அதே போலத் தப்பு செய்த பத்துப் பிள்ளைகளுக்கும் வழி தெரிந்துவிடும். 10025-க்கும் 35-க்கும் காரணத்தைப் பயிற்சிக் காலத்திலேயே பார்த்துவிட்டவருக்கு, வகுப்பில் அதைப் பிடிக்க அரை நிமிஷம் போதும்.

இதை வீட்டிலும் செய்யலாம். இன்று இரவு பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறக்கும்போது, சிவப்புக் கோடு இருக்கும் ஒரு கணக்கை மட்டும் எடுங்கள். “ஏன் தப்பு பண்ணே?” என்று கேட்காதீர்கள். அதற்குப் பிள்ளை தலைகுனியும், அவ்வளவுதான். “இதை எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் சொல்லிக்குடேன்” என்று கேளுங்கள். பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

சரியாக வந்திருக்கும் ஒரு கணக்கையும் எடுத்து, அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.